சீனக் குடும்பக் கடிதப் பெட்டி: விதிப் புத்தகம் பிரமாதம், மாதிரிக் கடிதங்கள் வேண்டாம்

பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுத்தரும் இந்தப் பெட்டியை 168 யுவான் கொடுத்து வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் மூன்று புத்தகங்களில் ஒன்றை அன்றைக்கே எடுத்துப் பரண்மேல் போட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

சீனப் பள்ளிகளில் படிக்கும் 9 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு என்று பெட்டிமேல் போட்டிருக்கிறது. நாங்கள் இருப்பது குவாங்சோவில், மகள் உள்ளூர்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு. அந்த வகுப்பின் முதல் பருவச் சீன மொழிப் பாடநூலில் கடிதம் எழுதுவது ஒரு கட்டுரைப் பயிற்சியாகவே வருகிறது. வீசாட் செயலியில் குரல் செய்தி அனுப்பியே வளர்ந்த பிள்ளைகள், தபால்பெட்டி என்று ஒன்று தெருவில் பச்சையாக நிற்பதையே கவனித்திருக்க மாட்டார்கள், அவர்களிடம் திடீரென்று கடிதம் எழுது என்றால் என்ன செய்வார்கள்? அதனால் இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு இப்போது நல்ல கிராக்கி. ஒரே அச்சில் வார்த்தது போல நாலைந்து பெட்டிகள் விற்பனையில் இருக்கின்றன, ஆகவே நான் வாங்கியதன் பதிப்பகப் பெயரைச் சொல்லப் போவதில்லை. இங்கே சொல்லும் நிறைகுறைகளை வைத்து எந்தப் பெட்டியையும் நீங்களே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே இருப்பவை: கடித மரியாதை விதிகளுக்கு ஒரு புத்தகம், புகழ்பெற்ற குடும்பக் கடிதங்களின் தொகுப்பு ஒன்று, மாதிரிக் கடிதங்கள் ஒன்று. சிவப்புக் கோடு போட்ட எட்டு வரித் தாள் ஒரு கட்டு, உறைகள், ஒட்டும் சீட்டுகள், ஒரு தூரிகைப் பேனா, பழைய கடிதங்களின் நகல்கள் சில. அப்புறம் ஒரு கண்ணாடித்தாள்.

அந்தக் கண்ணாடித்தாளிலிருந்தே ஆரம்பிக்கிறேன், பெட்டியிலேயே யோசித்துச் செய்த பொருள் அதுதான். பள்ளியில் கேட்கும் நவீனக் கடித வடிவத்தை அதில் வெளிர்நீலக் கட்டங்களாக அச்சிட்டிருக்கிறார்கள். பிள்ளை எழுதிய தாளின்மேல் வைத்தால் எது எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அழைப்பு முதல் வரியில் ஓரத்தை ஒட்டி, அதன் பின்னால் முக்காற்புள்ளி. நலமா என்று கேட்பது அடுத்த வரியில் இரண்டு எழுத்து இடம் விட்டு. முடிவில் 'ட்சு ஜி', 'ஜிங் லி' என்று மரியாதைச் சொற்கள் இரண்டு வரும், முதலாவதை இரண்டு எழுத்து தள்ளி எழுத வேண்டும், இரண்டாவதை அடுத்த வரியில் ஓரத்திலிருந்தே தொடங்க வேண்டும். பெயரும் தேதியும் வலது கீழ் மூலையில், பெயர் மேலே, தேதி கீழே. பிள்ளைகளுக்கு மார்க் போவது பெரும்பாலும் அந்த 'ஜிங் லி'யில்தான். அதையும் தள்ளி எழுதிவிடுவார்கள். நூறு தடவை வாயால் சொல்லிப் புரியாதது கண்ணாடித்தாளை வைத்தவுடன் புரிந்துவிட்டது. பள்ளி மார்க்குக்கு இது ஒன்றே போதும்.

விதிப் புத்தகத்தின் இரண்டாம் பாதிதான் நான் ரசித்துப் படித்தது. மரபுக் கடிதம் மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாகப் போகும், அது தெரிந்ததுதான். அந்தப் பக்கத்தில் மரியாதையை எப்படிக் காட்டுவார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். பெரியவரைப் பற்றிய சொல் வரும்போதெல்லாம், வாக்கியம் பாதியில் இருந்தாலும் சரி, அதற்கு முன்னால் ஓர் எழுத்து இடத்தைக் காலியாக விட வேண்டும், இல்லாவிட்டால் புது வரியின் தலையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். உங்கள் அப்பாவின் பெயர் வரியின் நடுவில் மற்ற சொற்களோடு இடித்துக்கொண்டு நிற்கக் கூடாது, அவ்வளவுதான். எழுதுகிறவர் தன் பெயரை எழுதும்போது நேர் எதிர்: சின்னதாக, வரியின் நடுவை விட்டு ஒரு பக்கமாக ஒதுக்கி. 'என் பேர் மட்டும் ஏன் குட்டியா இருக்கணும்?' என்று மகள் சண்டைக்கு வந்தாள். நியாயமான கேள்வி. புத்தகம் இதற்கு ஒரு பக்க விளக்கம் தருகிறது, நன்றாகவே தருகிறது, ஆனால் அவளைச் சமாதானப்படுத்தியது விளக்கம் இல்லை, பழைய கடிதங்களின் நகல்களில் பெரிய பெரிய மனிதர்கள் எல்லாம் தங்கள் பெயரை அப்படி ஓரத்தில் ஒடுக்கி வைத்திருப்பதைப் பார்த்ததுதான்.

இன்னொரு விதி, ஒற்றை எழுத்து ஒரு வரி ஆகாது, ஒற்றை வரி ஒரு பக்கம் ஆகாது. கடைசி வரியில் ஓர் எழுத்து மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால் அல்லது இரண்டாம் தாளில் ஒரே ஒரு வரி விழுந்தால், முன்னாலேயே கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ எழுதிச் சரிசெய்ய வேண்டும். அதாவது எழுத ஆரம்பிக்கும் முன்பே முடிவு கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டுரை வகுப்பில் யாரும் கற்றுத்தராத பயிற்சி இது. யாருக்கு எந்த அடைமொழி என்பதற்கும் ஓர் அட்டவணை உண்டு, அப்பா அம்மாவுக்கு 'முழங்காலடியில்' என்ற பொருள்படும் சொல், ஆசிரியருக்கு வேறு, சம வயதுக்காரருக்கு வேறு. அட்டவணை நீளம். பிள்ளைகள் பாதியில் விட்டுவிடுவார்கள், விடட்டும்.

சிவப்பு மையில் கடிதம் எழுதினால் உறவை முறித்துக்கொள்வதாக அர்த்தம் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. இது சீனாவில் எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்றாலும் சொன்னது நல்லது.

இப்போது உறை. இங்கேதான் பெட்டி சொதப்புகிறது, அதுவும் இரண்டு இடத்தில்.

புத்தகம் சரியாகத்தான் சொல்கிறது: உறையின்மேல் இருக்கும் பெயரைப் படிக்கப் போகிறவர் தபால்காரர், எனவே அங்கே 'அப்பா', 'பாட்டி' என்று எழுதக் கூடாது, ஊரார் அவரை எப்படி அழைப்பார்களோ அப்படித்தான் எழுத வேண்டும். பெயருக்குப் பின்னால் 'திறக்க' என்று பொருள்படும் சொல்லைப் போடலாம், பெற்றோருக்கு 'நலமாகத் திறக்க' என்ற வகையில் ஒன்று, மற்ற பெரியவர்களுக்கு வேறு. ஆனால் 'பணிவுடன் திறக்க' என்று மட்டும் போடவே கூடாது, ஏனென்றால் பணிய வேண்டியவர் எழுதியவர், திறக்கிறவர் அல்ல. தாத்தாவைப் பார்த்து 'என் கடிதத்தைப் பணிவோடு பிரியுங்கள்' என்று உத்தரவு போட்டது போல ஆகிவிடும். பெரியவர்களே நிறைய பேர் செய்கிற பிழை என்று புத்தகம் கட்டம் கட்டி எச்சரிக்கிறது. சரி, ஒட்டும் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் தங்க நிறத்தில் பளபளவென்று அதே 'பணிவுடன் திறக்க'! ஒன்று இரண்டு இல்லை, தாளின் கால்வாசி அதுதான். புத்தகம் எழுதியவரும் சீட்டு அச்சடித்தவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. விற்பனையாளருக்கு எழுதினேன், 'வாங்கியதற்கு நன்றி' என்று ஒரு பூ படம் வந்தது.

இரண்டாவது, உறையே தப்பு. நடுவில் சிவப்புக் கட்டம் போட்ட நெட்டுவாக்கு உறை, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் சீனாவின் தர விதிப்படி உள்நாட்டுத் தபால் உறை கிடைவாக்கில்தான் இருக்க வேண்டும்: இடது மேல் மூலையில் பெறுநரின் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டுக்கு ஆறு சிவப்புக் கட்டங்கள், வலது மேல் மூலையில் தபால்தலை, வலது கீழே அனுப்புநர் விலாசமும் அவர் குறியீடும். பெட்டியில் வந்த உறையில் இது எதற்கும் இடமில்லை. தபால் கவுண்டரில் இருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, இதை ஒரு சாதாரண உறைக்குள் போட்டுக் கொடுங்கள் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். பெட்டிக்காரர்கள் இந்த விஷயத்தை ஒரு வரியில் எழுதியிருக்கலாமே? தர உறை நாலு சேர்த்து வைத்தால் என்ன குறைந்துவிடும்? வெளியூருக்கு 20 கிராம் வரை 1.20 யுவான் தபால்தலை போதும், அதுவும் புத்தகத்தில் இல்லை. மரபைக் கற்றுக்கொடுக்கிற அவசரத்தில் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்பதையே மறந்துவிட்டார்கள்.

தூரிகைப் பேனா சுமார். நுனி சீக்கிரம் பிரிந்துவிடுகிறது. தாள் பரவாயில்லை, மை கசியவில்லை.

புகழ்பெற்ற கடிதங்களின் தொகுப்புக்கு வருவோம். மூன்றாம் நூற்றாண்டு அமைச்சர் ஜூகே லியாங் தன் மகனுக்கு எழுதியது முதலில் வருகிறது, 86 எழுத்துகள்தான், ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் எப்படியும் மனப்பாடம் செய்யப்போவது. அடுத்து ஸெங் குவோஃபான், தைப்பிங் கிளர்ச்சியை அடக்கிய சிங் காலத்து அதிகாரி, வீட்டுக்கு எழுதியே பேர் வாங்கினவர். அவர் தாத்தா வகுத்த எட்டெழுத்துக் குடும்ப விதியை இங்கே அழகாகப் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள்: விடியலில் எழு, வீட்டைப் பெருக்கு, முன்னோரைக் கும்பிடு, அக்கம்பக்கத்தாரைப் பொன்போல நடத்து, படி, காய்கறி போடு, மீன் வளர், பன்றி வளர். அவ்வளவு பெரிய பதவியில் இருந்துகொண்டு வீட்டில் காய்கறித் தோட்டம் எப்படி, பன்றி எப்படி என்று விசாரிக்கிற மனிதரை யாருக்குத்தான் பிடிக்காது. மூன்றாவது ஃபூ லெய், பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கைச் சீனத்தில் மொழிபெயர்த்தவர். போலந்துக்குப் பியானோ படிக்கப்போன மகன் ஃபூ ட்சோங்குக்கு 1954 முதல் 1966 வரை எழுதியவை. மகன் 1955 ஷோப்பென் பியானோ போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கினார். கடிதங்கள் 1981-இல் நூலாக வந்தன, நடுநிலைப் பள்ளி மாணவர்களின் வாசிப்புப் பட்டியலிலும் அவை இருந்திருக்கின்றன.

எல்லாம் நல்ல தேர்வுதான். ஆனால் வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் ஒன்று உறுத்தும். எல்லாமே மேலிருந்து கீழே வருகிற கடிதங்கள். அப்பா சொல்கிறார், மகன் கேட்டுக்கொள்கிறான். அடுத்த அப்பா சொல்கிறார், அடுத்த மகன் கேட்டுக்கொள்கிறான். பத்து வயதுப் பிள்ளை கையில் இதைக் கொடுத்து 'நீயும் குடும்பக் கடிதம் எழுது' என்றால் அது எதைப் பார்த்து எழுதும்? அதுக்கு அறிவுரை சொல்ல மகனா இருக்கிறான்?

கீழிருந்து மேலே போகிற கடிதங்கள் இல்லாமலா இருக்கின்றன? இதே ஸெங் குவோஃபான் 1840-களில் பெய்ஜிங்கில் இளம் அதிகாரியாக இருந்தபோது ஊரில் இருந்த அப்பா அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் எழுதியவை ஏராளம். 'மகன் குவோஃபான் மண்டியிட்டுத் தெரிவிப்பது' என்று தொடங்கி, தலைநகரத்தில் செலவு கட்டுப்படியாகவில்லை, கடன் வாங்கியிருக்கிறேன் என்கிற வரைக்கும் எழுதுவார். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது அதுதானே! ஃபூ லெய் விஷயத்தில் இன்னும் மோசம். 1954 ஜனவரியில் மகன் கிளம்பிப் போன கையோடு, சின்ன வயதில் உன்னிடம் கொடுமையாக நடந்துகொண்டேன் என்று மன்னிப்புக் கேட்டு எழுதினார். அந்தத் தொகுப்பிலேயே எவரும் மறக்க முடியாத கடிதம் அது. பெட்டியில் அது இல்லை. உழைப்பு, அடக்கம், தாய்நாடு என்று பொறுக்கி எடுத்துப் போட்டுவிட்டு, ஓர் அப்பா தன் தப்பைச் சொல்கிற இடத்தை விட்டுவிட்டார்கள். பெற்றோர்தானே காசு கொடுக்கிறவர்கள், அவர்கள் மனம் கோணக் கூடாது என்று நினைத்திருப்பார்கள்.

ஆனாலும் இந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பாததற்குக் காரணம் ஒரு நகல். இரண்டு சின்ன மரப்பலகைகள். 1975-76-இல் ஹுபெய் மாகாணத்தின் யுன்மெங்கில், ஷுய்ஹுதி என்ற இடத்தில் நான்காம் எண் கல்லறையில் கிடைத்தவை. அசல் வூஹானில் ஹுபெய் மாகாண அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சின் அரசின் படையில் இருந்த ஹெய்ஃபு, ஜிங் என்ற இரண்டு சகோதரர்கள், கி.மு. 223 வாக்கில், வீட்டில் இருந்த அண்ணன் ஜோங்குக்கு எழுதியது. இதுவரை கிடைத்த சீனக் குடும்பக் கடிதங்களில் மிகப் பழையவை இவை. பலகையின் இரண்டு பக்கமும் மையால் நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறார்கள்.

முதல் வரியில் மரியாதை கச்சிதமாக இருக்கிறது, இருமுறை வணங்கிக் கேட்கிறோம், அம்மா சுகமா என்று. அடுத்த நொடியே விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள். அங்கே நம் ஊர் அன்லூவில் துணி மலிவாகக் கிடைத்தால் அம்மா வாங்கி உடுப்புத் தைத்து, பணத்தோடு சேர்த்து அனுப்பட்டும், விலை அதிகம் என்றால் பணத்தை மட்டும் அனுப்புங்கள், நான் இங்கேயே துணி எடுத்துக்கொள்கிறேன் என்கிறான் ஹெய்ஃபு. போர் நீண்டுகொண்டே போகிறது, காயம் படுமா என்று தெரியாது என்பதையும் அதே மூச்சில் சொல்கிறான். ஜிங் எழுதியது இன்னும் பதற்றம்: ஐந்நூறு அறுநூறு காசு வேண்டும், நல்ல துணி இத்தனை அடிக்குக் குறையாமல் வேண்டும், ஏற்கெனவே ஒருவரிடம் கடன் வாங்கிச் செலவழித்துவிட்டேன், வீட்டிலிருந்து வராவிட்டால் செத்தேன், அவசரம் அவசரம் அவசரம். நடுவில் புது மனைவியைப் பற்றி விசாரிப்பு, அத்தைகள் எல்லாருக்கும் தனித்தனியாக வணக்கம். மகள் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் காசு அனுப்பு என்று மூன்று தடவை அவசரம் போட்டிருக்கிறான் என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது?

இந்த நகலோடு வரும் விளக்கத்தாள் நன்றாக இருக்கிறது, நிறுத்தி நிதானமாக எழுதியிருக்கிறார்கள்.

இதே தரத்தில் சியாவ்பி பற்றியும் எழுதியிருந்தால் பெட்டிக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். குவாங்துங், ஃபூஜியான் கரையோரத்திலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் பணத்தோடு சேர்த்து அனுப்பிய கடிதங்கள் இவை. உறையின்மேலேயே எவ்வளவு பணம் என்று எழுதியிருக்கும். வீட்டுக்காரர்கள் பெற்றுக்கொண்டதற்கு ஒரு சின்னப் பதில் தாள் எழுதித் தர வேண்டும், அது திரும்பக் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு முடியும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவை சேகரிக்கப்பட்டு, 2013-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன, குவாங்துங்கின் ஷாந்தோ நகரில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. பதில் எழுதுவது கட்டாயம் என்கிற குடும்பக் கடித வகை இது, பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? பெட்டியில் இதற்கு ஒரே ஒரு பக்கம், அதில் பாதி கப்பல் படம்.

கடைசியில் அந்த மாதிரிக் கடிதப் புத்தகம், பரணுக்குப் போக வேண்டியது. 'அன்புள்ள பாட்டி, நான் நன்றாகப் படிக்கிறேன், ஆசிரியர் சொல்வதைக் கேட்கிறேன், வசந்த விழாவுக்கு உங்களைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்' என்கிற ரகம். ஊர் பேரை மாற்றினால் யாருக்கும் அனுப்பலாம். எங்கள் மாடியில் குடியிருந்த பாட்டி ஒருவர் சொந்த ஊரான ஷாந்தோவுக்கே திரும்பிப் போய்விட்டார், மகளுக்கு அவரிடம் ஒட்டுதல் அதிகம். முதல் கடிதத்தை மாதிரியைப் பார்த்து அப்படியே எழுதினாள். விதி ஒன்றும் தப்பவில்லை, பாட்டிக்கு முன்னால் இடம் விட்டு, தன் பெயரை ஓரத்தில் ஒடுக்கி, எல்லாம் கச்சிதம். பாட்டியிடமிருந்து வீசாட்டில் குரல் செய்தி வந்தது: எழுத்து அழகு, மரியாதை அழகு, ஆனால் இதை எழுதினது நீதானா கண்ணு, என் முழங்கால் வலி எப்படி என்றுகூடக் கேட்கவில்லையே?

அடுத்த கடிதத்துக்கு மாதிரிப் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு மரப்பலகை நகலைத்தான் மேஜையில் வைத்தேன். முதல் வரியில் முழங்கால் விசாரிப்பு. அடுத்து, லிஃப்ட் பழுதாகி எல்லாரும் படியேறிய கதை. அப்புறம் நேராக, நீங்கள் போடும் உப்பு முள்ளங்கி இங்கே கடையில் வாங்கினால் அந்த ருசி இல்லை, மலிவாக இருந்தால் செய்து அனுப்புங்கள், முள்ளங்கி விலை அதிகம் என்றால் செய்முறையை மட்டும் அனுப்புங்கள், அம்மா செய்து பார்ப்பார், அவசரம் அவசரம் அவசரம். எனக்குத்தான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது, ஒரு வயதானவரிடம் இப்படியா கேட்பது என்று. கூரியரில் பெரிய டப்பா வந்தது, கூடவே கைப்பட எழுதிய கடிதமும். மேலிருந்து கீழாக, எழுத்து கொஞ்சம் நடுங்கி.

ஆக, பள்ளிக்கு மட்டும் என்றால் இவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை, கண்ணாடித்தாளைத் தனியாக விற்கிறார்களா என்று கேளுங்கள், எங்களுக்குக் கிடைக்கவில்லை, உங்களுக்குக் கிடைக்கலாம். எட்டு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம், மரபு எழுத்துகளைப் பார்த்தே மிரண்டுவிடுவார்கள். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் பெட்டியில் இருக்கும் ஃபூ லெய் பகுதியை நம்பாதீர்கள், முழு நூலே சுலபமாகக் கிடைக்கிறது. வாங்கியவுடன் செய்ய வேண்டியது, தங்கச் சீட்டுகளில் 'பணிவுடன் திறக்க' இருப்பதை எல்லாம் கிழித்துப் போடுவது, பக்கத்துக் கடையில் ஆறு கட்டம் போட்ட தர உறை பத்து வாங்கி வைப்பது. தூரிகைப் பேனா போனால் கவலைப்படாதீர்கள், சாதாரண ஜெல் பேனாவே அந்தத் தாளில் நன்றாக ஓடுகிறது. எட்டு வரித் தாளும் எழுதுபொருள் கடைகளில் கட்டாகக் கிடைக்கிறது, அது தீர்ந்துவிட்டது என்று இன்னொரு பெட்டி வாங்கிவிடாதீர்கள்.